வேதமணி அத்தைக்கு ஒரு பட்டம்

ஜனவரி 19, திங்கள்

தைப் பனி. முற்றத்துச் செம்பருத்தி, இரவெல்லாம் மழை பெய்ததுபோல் நனைந்து நிற்கிறது. முழங்கால் வலி, வழக்கம்போல். பி.பி. மாத்திரை காப்பிக்கு முன்பு.

சாம்பாரில் உப்பு கூடுதல். சமைக்க வரும் லில்லியிடம் சொன்னேன். "டீச்சருக்க நாக்கு ஆஸ்பத்திரி மெஷின் மாதிரில்லா" என்றாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

மாலையில் சபைச் செயலாளர் தாசையன். மணல் ஆலையில் தொழிற்சங்கம் நடத்தி ஓய்வு பெற்றவர். இன்னும் மேடையில் நிற்பதுபோலத்தான் வாசலில் நின்று பேசுவார். விஷயம் இது: கோயில் வளாகத்தில் பெண்கள் மன்றம் கட்டி முடிந்துவிட்டது. பிப்ரவரி 8 ஆராதனை முடிந்து திறப்பு. பிறகு அசனம், சபை முழுவதும் ஒரே பந்தியில் கறிச்சோறு. மன்றத்துக்கு வேதமணி அத்தையின் பெயர் வைக்கக் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. வாசலில் கருங்கல். பெயர், அதன் கீழே ஒரே ஒரு வரி.

"ஒரு பட்டம் மாதிரி, டீச்சர். வாசிச்ச உடனே யாரு, என்னன்னு தெரியணும். குடும்பத்துல மூத்தவங்க இப்பம் நீங்கதான். நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் மயிலாடியில கல்லு வெட்டக் கொடுப்போம்."

சரி என்றேன். குரல் தடுமாறவில்லை என்றே நினைக்கிறேன்.

அவர் போன பிறகு விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அத்தைக்குக் கல்லறை இல்லை. இருந்தது. கல்லறைத் தோட்டத்துக்குச் சுவர் எடுத்தபோது மேட்டை நிரவிவிட்டார்கள், இடம் தெரியாமல் போயிற்று. கல் வைக்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார், வைக்காமலே போனார். அத்தைக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. அந்த முகத்தை நேரில் கண்டவர்களில் எங்கள் வீட்டில் மிச்சம் நான்தான். எனக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்ல ஆளில்லை.

ஆகவே இந்தக் கல் வந்தாக வேண்டும். சரியாகவும் வர வேண்டும்.

ஜனவரி 20, செவ்வாய்

பலத்த காற்று. கூரையில் தென்னை மட்டை விழுந்து ஒரு ஓடு போயிற்று. ஓடு மாற்ற ஆள் சொல்ல வேண்டும்.

கான்வென்டில் ஒரு சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லித் தந்த பாடம்: முதலில் கண்டதை எழுது, பெயர் பிறகு தேடு. அப்படியே செய்து பார்க்கிறேன்.

— வேதமணி. அப்பாவுக்கு அத்தை. வீட்டில் எல்லோருக்குமே அத்தை, எனக்கும்.
— வேலை: வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதபாடம் சொல்வது. கறுப்புக் குடை. குள்ளம். குரல் மட்டும் ஆறடி.
— கூடத்துச் சுவரில் மகாராஜா படம், பக்கத்தில் இங்கிலாந்து ராஜா படம். சனிக்கிழமைதோறும் இரண்டையும் துடைப்பார்.
— தாசில்தாருக்குப் பயமில்லை. பல்லிக்குப் பயம்.
— பிடியரிசி விவகாரம்.

கடைசியதுதான் கல்லுக்குக் காரணம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து, அடுக்களை மூலையில் இருக்கும் சின்னப் பானையில் போடுவார்கள். ஞாயிறன்று அதைக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். சபைக் காரியங்கள் பாதி அந்த அரிசி விற்றுத்தான் நடந்தன. கொடுப்பது பெண்கள், செலவு செய்வது ஆண்கள். ஒரு வருடம் கமிட்டி, கோயிலுக்குப் பெரிய மணி வாங்க முடிவு செய்தது; அடுத்த ஊர்க் கோயில் மணி நம்முடையதைவிடப் பெரியதாம். பள்ளிக்கூடத்திலோ பெண் பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்போடு சரி. ஐந்தாம் வகுப்புக்கு வாத்தியார் போடக் காசில்லை என்றார்கள். "மணி அடிச்சா பிள்ளையளுக்கு எழுத்து வருமா?" என்று கோயில் முற்றத்திலேயே அத்தை கேட்டாராம். அந்த வாரமே தன் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பார்த்து மற்ற வீடுகளும். ஒரு பூ, ஒரு போக நெல், அறுத்து முடியும்வரை கோயிலுக்கு ஒரு பிடி அரிசி போகவில்லை. கடைசியில் ஐந்தாம் வகுப்பு வந்தது. மணி பல வருடம் கழித்து வந்தது, சிறியதாக.

கோயிலில் கீழத்தெருப் பெண்கள் கொண்டுவரும் அரிசிக்குத் தனிப் பானை. அது அப்போதைய வழக்கம்.

ஜனவரி 22, வியாழன்

பனி குறைவு. பால்காரர் தாமதம்.

வியாழக்கிழமை ஆகையால் கனகம் வந்தாள், பி.பி. பார்க்க. பெரிய ஆஸ்பத்திரியில் நர்சிங் சூப்பிரண்டெண்டாக இருந்தவள், என்னைவிடப் பத்து வயது இளையவள். என் வீட்டுக்காரர் படுத்திருந்த கடைசி மாதங்களில் நான் கேட்காமலே வந்தாள். அதிலிருந்து வாரம் தவறியதில்லை. பி.பி. பரவாயில்லை. கல் விஷயம் சொன்னேன்.

"கொள்ளாம் அக்கா" என்றாள், நன்றாயிருக்கிறது என்பதுபோல. கருவியைச் சுருட்டிப் பையில் வைத்தாள். காப்பி குடிக்காமல் போய்விட்டாள். அடுப்பில் ஏதாவது வைத்துவிட்டு வந்திருப்பாள்.

இரவு தம்பி மகள் ரீனா போன் செய்தாள். அத்தை என்ற பெயர் வீட்டில் வேதமணிக்கே போய்விட்டதால் நான் அவளுக்கு மாமி. நாகர்கோவிலில் கல்லூரி ஆசிரியை. அவளிடமும் சொன்னேன்.

"மாமி, இதுல யோசிக்க என்ன இருக்கு? 'குமரி மண்ணின் முதல் பெண்ணியவாதி'. அவ்வளவுதான்."

"முதல் என்று எப்படித் தெரியும்? எண்ணிப் பார்த்தாயா?"

"சரி, முதல் வேண்டாம். பெண்ணியவாதி போதும்."

"அந்த வார்த்தையை அத்தை கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் என்ன நோய் என்று கேட்டிருப்பார்."

ரீனா சிரிக்கவில்லை. "காய்ச்சலுக்குப் பேரு வைக்கறதுக்கு முந்தியும் காய்ச்சல் அடிச்சுது மாமி. பேரு இல்லாததால அவங்க செஞ்சது அது இல்லைன்னு ஆயிருமா?"

நல்ல கேள்வி. டி.வி. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். டி.வி. ஓடவே இல்லை.

ஜனவரி 24, சனி

ஓடு மாற்றியாயிற்று. மீன்காரி கடியப்பட்டணத்திலிருந்து நல்ல சாளை கொண்டுவந்தாள்.

தாசையன் மறுபடி. கையில் ஒரு தாள். 'முதல் வேலைநிறுத்தம் கண்ட தோழர் வேதமணி.'

"அத்தை யாருக்கு வேலை செய்தார், நிறுத்துவதற்கு? அரிசியைத்தானே நிறுத்தினார்?"

"ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர். உழைப்பவன் கையை மடக்குதான். இல்லியா?"

"தோழரின் வீட்டில் இரண்டு ராஜா படம் இருந்தது. அதையும் கல்லில் போடலாமா?"

மனிதர் தலையைச் சொறிந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: திறப்பு விழாவுக்கு வருகிற தலைமை விருந்தினர் ஒரு கட்சியின் மாவட்டப் பொறுப்பாளராம். தேர்தல் வருகிறதல்லவா. அவர் ஆபீசிலிருந்து போனாம்: 'வெள்ளைக்காரிய எதுத்தவங்கதானே, அப்பம் தேசபக்தைன்னு போட்டுருங்க.'

எந்த வெள்ளைக்காரியை? அப்போது இருந்த மிஷன் துரைசாணி அத்தையின் பக்கம் நின்றார். மணி கேட்டவர்கள் எல்லாம் நம் ஊர் மீசைகள்.

ஆக இதுவரை: பெண்ணியவாதி, தோழர், தேசபக்தை. ரெடிமேட் சட்டை விற்கும் கடைபோல் இருக்கிறது. உயிரோடு இருப்பவர் என்றால் கக்கத்தில் பிடிக்கிறது என்று சொல்லுவார். செத்தவர் எது போட்டாலும் பேசாமல் இருப்பார்.

ஜனவரி 25, ஞாயிறு

ஆராதனை நீண்டது. பாட்டுக் குழு இரண்டாம் சரணத்தில் தடம் புரண்டது.

வாசலில் செருப்புத் தேடும்போது காதில் விழுந்தது. "வேதமணி ஆருட்டி?" "அந்த டீச்சருக்க சொந்தமாம். அரிசி குடுக்காத பிசுநாறி." "பிசுநாறிக்குக் கல்லா?" இருவருக்கும் சிரிப்பு. திரும்பிப் பார்த்தேன். சிரிப்பு நின்றது.

இதனால்தான் வேண்டும் கல்.

பிற்பகல் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்தேன். கட்சி வேண்டாம், கொள்கை வேண்டாம். 'கல்வித் தாய்.' சுருக்கம், மரியாதை, யாரையும் உறுத்தாது. கையெழுத்துப் போட்டுத் தாசையனிடம் கொடுத்தாயிற்று. சபை வாட்ஸ்அப் குழுவில் இன்றே போடுகிறாராம்.

மனதுக்கு நிறைவு. சாளைக் குழம்பும் அளவான உப்பு.

ஜனவரி 27, செவ்வாய்

வாட்ஸ்அப்பில் தீ. காலை லில்லிதான் காட்டினாள். கனகத்தின் மகன் ஜெபின், துபாயில் இருப்பவன், எழுதியிருக்கிறான்: 'எங்க பாட்டிமாருக்குத் தனிப் பானை வச்ச சாதிவெறிக்காரிக்குக் கல்வித் தாய் பட்டமா? கீழத்தெரு அசனத்துக்கு வராது.' அதன் கீழே கைதட்டல்கள், கோபங்கள், ஒருவன் அனுப்பிய காலை வணக்க ரோஜாப்பூ.

சாதிவெறிக்காரி. பல்லிக்குப் பயந்த, குடை பிடித்து ஊர் ஊராய் நடந்த என் அத்தை.

பதில் எழுதினேன்: 'அன்றைய வழக்கத்தை இன்றைய அளவுகோலால் அளப்பது அறிவீனம்.' இரண்டு முறை எழுத்துப் பிழை பார்த்து அனுப்பினேன்.

அனுப்பிய பிறகு ஓர் எண்ணம். பெண்ணியவாதி வேண்டாம் என்றபோது என் வாயில் இருந்தது நியாயம். இன்றைக்கும் அதே நியாயம்தானா, அல்லது வெறும் ரோஷமா?

ஜனவரி 28, புதன்

போதகர் வந்தார். சின்ன வயது, நல்ல மனது, சண்டை என்றால் வியர்க்கும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் வியர்த்தது.

"அம்மா, கல்லே வேண்டாம்னு கமிட்டியில சிலபேர் சொல்லுதாங்க. வெறும் 'பெண்கள் மன்றம்'னு போட்டுட்டா யாருக்கும் வருத்தமில்ல."

"எனக்கு வருத்தம் உண்டு."

"சனிக்கிழமை கமிட்டி. அதுக்குள்ள எல்லாரும் ஒத்துக்கிடுத மாதிரி ஒரு வரி கிடைச்சா சரி. இல்லைன்னா…"

இல்லை என்றால் இல்லை. கல்லறையும் போயிற்று, கல்லும் போகும்.

ஜனவரி 29, வியாழன்

கனகம் வரவில்லை. பத்து மணி, பதினொன்று. கருவி இல்லாமலே எனக்கு பி.பி. தெரிந்தது.

நாலு மணிக்குக் குடை எடுத்துக்கொண்டு நானே புறப்பட்டேன். லில்லி வாய் பிளந்தாள். கீழத்தெரு என்ன, இரண்டு வளைவு தள்ளி. கல்யாணம், சாவு தவிர நான் அங்கே போனதில்லை என்பது நடக்கும்போதுதான் உறைத்தது. கனகம் என் வீட்டுக்கு எத்தனை வியாழன் வந்திருக்கிறாள்.

முற்றத்தில் நல்லமிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"உன் மகன் எழுதினதைப் பார்த்தாயா?"

"பாத்தேன். நீங்க எழுதினதையும் பாத்தேன்."

"அந்தக் காலத்தில் ஊரே அப்படித்தான் இருந்தது கனகம்."

"ஊருன்னா ஆரு அக்கா? எங்க தெருவும் ஊருக்குள்ளதானே கிடக்கு. எங்களுக்கு அப்பமே அது சரியில்லைன்னு தெரியும்லா. அந்தக் காலத்துல ஒருத்தருக்கும் தெரியாதுன்னு எப்பிடிச் சொல்லுதீங்க?"

மிளகைக் கையால் பரத்திக்கொண்டே அவளே தொடர்ந்தாள்.

"கல்வித் தாய்னு போட்டிருக்கிய. ஆருக்குத் தாய்? எங்கம்மைக்கா? அஞ்சாங்கிளாஸ் வந்துதுல்லா, அப்பம் எங்கம்மை ராகேலுக்கும் அதே பிராயம். கீழத்தெருப் பிள்ளையளுக்கு அடுத்த வருசம்னு சொன்னாவ. அந்த அடுத்த வருசம் வரதுக்குள்ள எங்கம்மைக்குக் கல்யாணமே ஆயாச்சு. வேதமணியம்மை அங்கதான் நின்னா. வாயத் தொறக்கல."

"அத்தை இதை ஒருநாளும் சொன்னதில்லையே."

"எப்பிடிச் சொல்லுவா?"

பிறகு சொன்னாள்: "இன்னொண்ணும் உண்டும். மேலத்தெருவுல பானை கவுந்துதுன்னு கேட்ட அன்னைக்கே எங்க அன்னம்மைப் பாட்டியும் கவுத்தா. அவளைப் பாத்து எங்க தெரு முழுக்கக் கவுத்தாச்சு. பிள்ளையளுக்குன்னுதானே சொன்னாவ, நம்ம பிள்ளையளும் பிள்ளையள்தானேன்னு நெனச்சா. அத ஆரும் எண்ணவே இல்ல. தனிப் பானைலா."

நான் எண்ணவில்லை. வாழ்நாள் முழுக்க இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், பள்ளிக்கூட மேடையில்கூட. மேலத்தெருப் பானைகளைத்தான் எண்ணினேன்.

அப்போது எனக்கு ஒன்று நினைவு வந்தது. ராகேல். கனகத்தின் அம்மா. எனக்கு எட்டு வயதிருக்கும். அவள் புருஷன் கொழும்பில். காகிதம் வந்தால் முந்தானையில் முடிந்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவாள். அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்துச் சொல்வார், முழுவதும், சலிக்காமல், சில இடங்களை இரண்டு முறை. அத்தையின் நல்ல மனதுக்கு உதாரணமாகவே அதை வைத்திருந்தேன். அவளுக்கு ஏன் வாசிக்கத் தெரியவில்லை என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

கனகத்திடம் இதைச் சொன்னேன்.

"தெரியும். அம்மை சொல்லியிருக்கா" என்றாள். "அதனாலதான் எம்மவனையும் ஏசினேன். வெறி புடிச்சவ காகிதம் வாசிச்சுக் குடுப்பாளாலேன்னு கேட்டேன். ஆனா அக்கா, படியில நிக்க வச்சுல்லா வாசிச்சா. ரெண்டும் உள்ளதுதான். நீங்க ஒரு வார்த்தைக்குள்ள போட்டு அடைக்கப் பாக்கிய. அவனும் அடைக்கப் பாக்கான். அந்த அம்மை அதுக்குள்ள நிப்பாளா?"

காப்பி கொடுத்தாள். சர்க்கரை அதிகம். குடித்தேன். திரும்ப எழுந்தபோது, "இரிங்க, பி.பி. பாக்காம போறியளா" என்று கருவியை எடுத்து வந்தாள். கூடுதல்தான்.

ஜனவரி 30, வெள்ளி

வெயில் நல்ல வெயில். மனது சரியில்லை, உடம்பு சரி.

அத்தையின் மேல் கோபம். பிறகு கோபப்படுகிற எனக்கு என்ன தகுதி என்று. பிறகு மறுபடி கோபம். அந்தக் குரல் ஆறடி. கோயில் முற்றத்தில் மணிக்கு எதிராகத் திறந்த வாய், பள்ளிக்கூட முற்றத்தில் ராகேலுக்காகத் திறக்கவில்லை. சோர்ந்து போயிருந்தாரா? ஐந்தாம் வகுப்பையே நிறுத்திவிடுவார்கள் என்று பயமா? அல்லது அது தப்பு என்றே தோன்றவில்லையா? தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. தெரியாததைத் தெரியாது என்றுதான் விட வேண்டும்.

பட்டங்களை எல்லாம் வரிசையாகப் பார்த்தேன், என்னுடையது உட்பட. ஒவ்வொன்றிலும் ஒரு பகுதி உண்மை உண்டு. போட்டவர்களின் முகமும் உண்டு. ரீனா பெண்ணியம் படிக்கிறாள். தாசையன் கொடி பிடித்தவர். ஜெபினுக்குத் தன் பாட்டியின் வலி. நான் தலைமையாசிரியை, ஆகவே கல்வி, ஆகவே தாய். 'அன்றைய வழக்கம்' என்று எழுதினேனே, அதுவும் ஒரு பட்டம்தான், குற்றத்துக்குப் போட்ட போர்வை.

சிஸ்டர் சொன்னதில் முதல் பாதி போதும். கண்டதை எழுது.

எழுதினேன். கனகத்தைப் போனில் கூப்பிட்டு வாசித்தேன். "கமிட்டி விடாது அக்கா" என்றாள். "நீயும் வா" என்றேன்.

ஜனவரி 31, சனி

கமிட்டி. சுண்டலும் தேநீரும். தேநீர் ஆறிப்போனது.

நான் எழுதியதை நானே வாசித்தேன். தலைப்பு 'பெண்கள் மன்றம்' மட்டும், கீழே:

'பெண் பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்பு வேண்டும் என்று பிடியரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள். மேலத்தெரு வேதமணி, கீழத்தெரு அன்னம்மை, பெயர் தெரியாத பெண்கள். வகுப்பு வந்தது. கீழத்தெருப் பிள்ளைகளைக் காக்க வைத்தோம்.'

முதலில் தாசையன்தான்: "டீச்சர், பட்டம் கேட்டா பாடமே எழுதிட்டியளே."

ஒருவர்: "கடைசி வரி எதுக்கு? திறப்பு விழாவுல ஊரு சிரிக்கவா?"

போதகர் வியர்வையைத் துடைத்தார். "கல்லுல குத்தத்த ஆராவது வெட்டுவாங்களா அம்மா? அதுவும் 'வைத்தோம்'னு. நாம அப்பம் பிறக்கவே இல்லியே."

சொன்னேன்: "ஞாயிறுதோறும் பாவ அறிக்கையைச் சபையாக எழுந்து வாய்விட்டுச் சொல்கிறோம். செய்தோம், செய்தோம் என்று. அப்போது யாரும் நான் பிறக்கவில்லை என்று உட்காருவதில்லை. வாயால் சொல்லலாம், கல்லில் மட்டும் கூடாதா?"

போதகர் தலை குனிந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் வியர்வை இல்லை.

கடைசி பெஞ்சிலிருந்து இன்னொருவர்: "அப்பம் வேதமணியம்மைக்கு என்ன பெருமை? மன்றத்துக்குப் பேரும் போச்சா?"

இந்த இடம் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மன்றத்தின் நெற்றியில் அத்தையின் பெயர் தனியாக, பெரிதாக நிற்கும் என்று பல இரவு நினைத்துப் பார்த்திருக்கிறேன். "பெயர் கல்லில் இருக்கிறது. அது போதும்" என்றேன். குரல் கொஞ்சம் தடுமாறியது. யாருக்கும் கேட்டிருக்காது.

கனகம் எழுந்தாள். "எங்க பாட்டி பேரு எழுத்துல வரது இதுதான் முதல் தடவை. ரேஷன் கார்டுலயும் வந்ததில்ல." உட்கார்ந்தாள். அவ்வளவுதான் பேசினாள்.

கைதூக்கிப் பார்த்தார்கள். தாசையன் இரண்டு கையையும் தூக்கினார். ஒரு கைதான் கணக்கு என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. நிறைவேறியது.

பிப்ரவரி 3, செவ்வாய்

வயல் பக்கம் பூ பிடித்த நெல் வாசனை. கும்பப்பூ அறுப்பு இந்த வருடம் நன்றாக வரும் என்கிறார்கள்.

மயிலாடிக் கல்தச்சர் போன். "அம்மா, இவ்வளவு எழுத்துன்னா எழுத்து சின்னதாயிரும். 'வீராங்கனை'ன்னு பெரிசா ஒண்ணு போட்டா பார்வையா இருக்கும்."

"வேண்டாம். கிட்ட வந்து வாசிக்கட்டும்."

ரீனாவுக்கும் வாசித்துக் காட்டினேன். மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னாள். பிறகு: "நான் கட்டுரை எழுதினா பெண்ணியம்னுதான் எழுதுவேன் மாமி. அது என் வார்த்தை, அவங்க வார்த்தை இல்லைன்னும் எழுதுவேன். சரியா?"

சரி. அன்றைக்குச் சொல்லாத பதில் இதுதான் போல, அவளே சொல்லிவிட்டாள். டி.வி. ஓடவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டேன். "தெரியும்" என்றாள்.

பிப்ரவரி 5, வியாழன்

கனகம் வந்தாள். பி.பி. நன்று. கீழத்தெரு அசனத்துக்கு வருமா என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. காப்பி குடித்தாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

விடியற்காலையில் நாலு சொட்டு மழை. பிறகு தெளிவு. வெள்ளைச் சேலை, நீலக் கரை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது கீழத்தெரு வளைவைப் பார்த்தேன். யாருமில்லை. மன்ற வாசலுக்கு வந்தால், அங்கே இருந்தார்கள், எங்களுக்கு முன்பே, முன்வரிசை நாற்காலிகளில். பின்னால் நிற்க நேர்ந்தது எங்களுக்கு.

தலைமை விருந்தினர் தாமதம். கழுத்தில் துண்டு. 'வெள்ளையரை நடுங்க வைத்த வீரமங்கை' என்று பேசப் போகிறார் என்பது கையில் இருந்த தாளிலேயே தெரிந்தது. கயிற்றின் ஒரு முனை கனகம் கையில், ஒரு முனை என் கையில். துணி விலகியது. வாசித்துச் சொல்லும்படி போதகர் விருந்தினரிடம் ஒலிபெருக்கியைக் கொடுத்தார்.

கல்லில் தன் வார்த்தையைத் தேடினார். எந்தக் கட்சி வார்த்தையும் இல்லை. இருப்பதை வாசிக்க வேண்டியதாயிற்று. வேதமணி, அன்னம்மை, பெயர் தெரியாத பெண்கள், எல்லாம் வாசித்தார். "வகுப்பு வந்தது" என்று குரலை உயர்த்தி முடித்துக் கைதட்டலுக்கு நின்றார்.

"அண்ணாச்சி, ஒரு வரி பாக்கி கிடக்கு" என்று முன்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல்.

"கண்ணாடி எடுத்துக் குடுங்கட்டி அவருக்கு!" என்று இன்னொன்று. சிரிப்பு, இரண்டு தெருவிலிருந்தும்.

வாசித்தார். மெதுவாக. 'கீழத்தெருப் பிள்ளைகளைக் காக்க வைத்தோம்.' கைதட்டல் இல்லை. எழுந்து நின்றார்கள், ஒருவர் பின் ஒருவராக, பாவ அறிக்கைக்கு நிற்பதுபோல. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கனகம் போனைக் கல்லுக்கு நேரே பிடித்திருந்தாள். உள்ளே ஜெபின், துபாயில் யாரோ ஒருவரின் காரில். "கிட்டக் காட்டும்மா. இன்னும் கிட்ட." வாசித்து முடித்து, "கொள்ளாம்" என்றான். அந்தப் பயலிடமிருந்து அதுவே பெரிது.

கல்லைத் தொட்டுப் பார்த்தேன். அத்தையின் பெயரில் விரல் வைத்தேன். வெட்டு ஆழம்.

அசனம். நீள வாழையிலை, தரைப் பாய், எனக்கு மட்டும் நாற்காலி. வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கனகத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருக்கும், இருக்கட்டும். கீழத்தெருப் பெண்கள்தான் இந்த முறை சமையல். லில்லி பந்திக்கு எதிரே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறிக்கு உப்பு சற்றுக் குறைவு. சொல்லவில்லை. மறுசோறு வாங்கினேன்.